பதினேழு மடங்குக்கு ஒரு மனு

இருபத்தாறு வருஷமாக மனு எழுதுகிறேன். புதுக்கோட்டையில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் ஒரு மேஜை போடுகிற அளவுக்கு இடம் எனக்கு. முன்பு டைப்ரைட்டர் இருந்த மேஜையில் இப்போது லேப்டாப்பும் பிரிண்டரும் உட்கார்ந்திருக்கின்றன. அரிமளத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே நாலைந்து பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் விடுபட்ட பெயர், வரப்பை வெட்டிப் போட்ட பங்காளி என்று எல்லாம் வரும். எதிலும் எனக்கு இப்போது ஆச்சரியம் கிடையாது. வந்தவர் உட்கார்ந்ததும் 'யாருக்கு எழுதணும்' என்று கேட்பேன். பெறுநர் யார் என்று தெரிந்துவிட்டால் பாதி மனு முடிந்த மாதிரி.

மீதிப் பாதி, எழுதுகிற விதம். அதிகாரியிடம் ஒருநாளும் 'நீங்கள் செய்தது தப்பு' என்று எழுதக்கூடாது. எங்கேயோ ஒரு பிழை நேர்ந்துவிட்டது, அது எங்கள் பக்கத்துப் பிழையாகவும் இருக்கலாம், அய்யா மனது வைத்தால் சரியாகிவிடும் என்று எழுத வேண்டும். தப்பில் கொஞ்சத்தை நாமே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால் அவருக்குக் கோபம் இறங்கும். கோபம் இறங்கினால்தான் கையெழுத்து விழும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. திரும்பி வந்த மனுக்களைப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டது.

ஜெகதாப்பட்டினத்து ஏலக்காரரை எனக்கு அப்படித்தான் பழக்கம். விசைப்படகுகள் கரைக்கு வந்ததும் இறங்குகிற மீனைக் குவியல் குவியலாகப் போட்டு ஏலம் கூறுகிறவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படகையும் அதிலிருந்த ஆட்களையும் எல்லை தாண்டினார்கள் என்று பிடித்துக்கொண்டு போனபோது, அந்த வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். என்ன எழுத வேண்டும் என்று அவர்தான் கோவையாகச் சொன்னார். 'திசை தெரியாமல் எல்லை தாண்டிவிட்ட பிழையைப் பொறுத்து' என்று கடைசிப் பத்தியில் நான் எழுதினேன். சில வாரங்களில் ஆட்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். அது என் மனுவால் இல்லை, இரண்டு தேசத்துப் பெரிய இடங்களில் பேசி முடித்த விஷயம் என்று நானே அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தக் கடைசிப் பத்திதான் கல்லையும் கரைத்துவிட்டது என்றார். அதற்கப்புறம் கடற்கரைப் பக்கத்திலிருந்து எனக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். வரும் ஆட்களிடம் பேப்பரில் சுற்றிய நெத்திலிக் கருவாடும் கொடுத்து அனுப்புவார்.

இந்தத் தடவை அவர் தனியாக வந்தார். படகுகள் கடலுக்குப் போயிருந்த நாள், அதனால் ஏலம் இல்லை. மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதோடு காதாகப் பேச ஆரம்பித்தார். ஏதோ ரகசியம் போலிருக்கிறது, பெண் விவகாரமோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் குரலே அவ்வளவுதான் மிச்சம் என்று.

திருச்சியில் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். தொண்டைக்குள் முடிச்சு மாதிரி ஏதோ வளர்ந்திருக்கிறதாம். இருபது வருஷமாகப் படகு வருகிற நாளெல்லாம் விடிகாலையில் கத்தின கத்தல். ஆறு மாதத்துக்குச் சத்தமே போடக்கூடாது, போட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகும் பழைய குரல் வரும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தாத ஏலக்காரர் என்று உலகத்தில் ஒருவரும் இல்லை. அதனால் அவர் வேறு ஒரு வழி வைத்திருந்தார். ஐஸ் பிளான்ட்டில் ஒருவர் தன் குட்டியானை லோடு வண்டியையும் ஐஸ் உடைக்கிற மெஷினையும் சேர்த்து விற்கிறார். படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அதற்கு வாய் வேண்டாம், கை போதும். கையில் இருந்ததும் மனைவியின் நகையும் போக ஒன்றரை லட்சம் குறைந்தது. விற்கிறவர் மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

இதுவரை சரி. பேங்க் மேனேஜருக்கு எழுதணுமா என்று கேட்டேன். அவர் போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

கிரிக்கெட் பந்தய ஆப். யாரோ ஒரு மீன் வியாபாரி வாட்ஸப்பில் லிங்க் அனுப்பி, இவர் உள்ளே போய், ஐந்தாறு மாதமாக நூறு, இருநூறு என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது. நம் மாநிலத்தில் இதற்குத் தடை இருப்பது தெரியாதா, இதனால் தூக்கில் தொங்கினவர்கள் வீட்டுக்காரிகளுக்கு நானே மனு எழுதியிருக்கிறேனே, உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி என்று திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். திட்டு முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிக் காட்டினார்.

ஒரு மேட்ச் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, ஜெயிக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த அணிக்கு அந்த ஆப்பில் பதினேழு மடங்கு என்று ரேட் காட்டியிருக்கிறது. ஒரு ரூபாய் கட்டினால் பதினேழு ரூபாய். மற்ற இடங்களில் எல்லாம் அதே அணிக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை, ஒன்று எழுபதுதான். யாரோ புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டார்கள். இவர் பத்தாயிரம் கட்டினார். ஆப் வாங்கிக்கொண்டது. அணி ஜெயித்தது. கணக்கில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்று காட்டியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்கப்புறம் எண் மாறியது. பந்தயம் ரத்து, கொடுக்கப்பட்ட ரேட் வெளிப்படையான பிழை, தாங்கள் கட்டிய பத்தாயிரம் திருப்பி வைக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான் செய்தி.

நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அது தப்பான ரேட் என்று தெரிந்தேதான் கட்டினீர்களா என்று. அவர் பொய் சொல்லவில்லை.

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் கட்டுனேன். ஏலத்துல நான் வாய் தவறுனா, எதுத்தாப்புல நிக்கிற வியாபாரிக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சட்டுனு முடிப்பான். அது அவன் சாமர்த்தியம். மூணு தரம் சொல்லிட்டா அப்புறம் பேச்சு இல்லக்கா."

அப்படி ஒரு தடவை அவருக்கே நடந்திருக்கிறது. அந்தக் கதையையும் கிசுகிசுத்த குரலிலேயே சொன்னார். ஒரு நாள் கூட்ட நெரிசலில் பக்கத்தில் இருந்த விலை மலிந்த கிழங்கான் மீன் குவியல் என்று நினைத்துக்கொண்டு இறால் குவியலுக்கு விலை கூறி, மூன்று தரமும் சொல்லி முடித்துவிட்டார். வியாபாரி குவியலில் கையை வைத்துவிட்டான். படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இவர் வியாபாரியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. குறைந்த பணத்தை இரண்டு மாதம் தன் கமிஷனில் கழித்துக்கொள்ளச் சொல்லிப் படகுக்காரரிடம் கணக்கை முடித்தார். கூறினால் கூறினதுதான், அந்தத் தொழிலுக்கு அது ஒன்றுதான் ஆதாரம் என்றார். பணம் போனதைவிட, அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் கூறினதை மாற்றிப் பேசுகிறானே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எனக்கு அப்போதே அலுப்பாக இருந்தது. இருந்தாலும் நாலு கடை தள்ளி உட்காருகிற வக்கீலிடம், யாருக்கோ கேட்பது மாதிரி கேட்டுப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போலீஸுக்குப் போனால் முதலில் உட்கார வைப்பது உங்கள் ஆளைத்தான், கோர்ட்டில் பந்தயப் பணத்துக்குக் கேஸே நிற்காது, பேசாமல் போகச் சொல்லுங்கள் என்றார். வந்தவர் யார் என்று கேட்கவில்லை. அவருக்கும் இது புதிதில்லை போலிருக்கிறது.

ஆக, கலெக்டர் இல்லை, தாசில்தார் இல்லை, எஸ்.பி. இல்லை. அந்த ஆப்பின் அடியில் எறும்பு எழுத்தில் ஏதோ ஒரு தீவின் விலாசம் இருந்தது. அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், தேடியும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மூடிவிட்டேன். விதிமுறைகள் என்று நாற்பது பக்கம் இங்கிலீஷ். அரிமளம் பஸ்ஸில் இரண்டு நாள் போகவர அதைப் படித்தேன். ரேட்டில் வெளிப்படையான பிழை இருந்தால் பந்தயத்தை ரத்துசெய்யக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று ஓரிடத்தில் இருந்தது. எது வெளிப்படை என்று யார் சொல்வது? அதையும் கம்பெனியே சொல்லிக்கொள்ளும். பந்தயம் கட்டுகிறவன் கைதவறி ஒரு சைபரைக் கூடுதலாக அழுத்திவிட்டால் ரத்து செய்யலாமா என்று தேடினேன். கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள்.

சாட்டில் பேசிப் பார்த்தோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். முதலில் வணக்கம் சொல்லி, சாப்பிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார். நான் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒருவர் வந்தார், பத்து நிமிஷத்தில் போனார், வேறொருவர் வந்தார். நாலு பேர் மாறினார்கள், நாலு பேரும் உங்கள் திருப்தியே எங்களுக்கு முக்கியம் என்றார்கள். இவர் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் தோத்திருந்தா, ரேட்டு தப்பு, இந்தாப்பா ஒன் பத்தாயிரம்னு திருப்பிக் குடுத்துருப்பியா? அத மட்டும் கேளுங்கக்கா."

நல்ல கேள்வி. மேட்ச் முடிகிறவரை பேசாமல் இருந்துவிட்டு, ஜெயித்த பிறகுதானே பிழை கண்ணுக்குத் தெரிந்தது? மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே விதியை அதே எழுத்து மாறாமல் ஒட்டினார்கள். கடைசியில் வந்தவர் மட்டும் ஒரு வழி சொன்னார். புகார்ப் பிரிவுக்கு எழுத்து மூலமாக, கையெழுத்துப் போட்டு, மெயிலில் அனுப்பினால் மேலதிகாரி ஒருவர் பார்த்து முடிவு சொல்வார் என்றார்.

மேலதிகாரி என்று கேட்டதும் எனக்குள் இருந்த மனுக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு பக்கம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று நம்பர் கொடுத்து. ரேட் உங்கள் பக்கத்தில், உங்கள் கையால் போடப்பட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு பந்தயத்தை உறுதி செய்தீர்கள். ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் தோற்றிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பீர்களா? எல்லாம் வரிசையாக வந்தது. நான் எழுதினவற்றில் நல்ல மனு என்று சொல்வேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

திரும்பப் படித்தபோது அந்தக் கேள்விக்குறி என்னை உறுத்தியது. இருபத்தாறு வருஷத்தில் எந்த மேலதிகாரியையும் நான் கேள்வி கேட்டதில்லை. இது சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கிறதே, படிக்கிறவர் முறைத்துக்கொண்டு குப்பையில் போட்டுவிட்டால் இவர் தொண்டை என்ன ஆவது என்று பயந்தேன். அதனால் எப்போதும் செய்கிறதைச் செய்தேன். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். மேற்படி ரேட்டில் பிழை நேர்ந்திருப்பது உண்மையே என்றாலும், அதை அறிந்தும் பந்தயம் கட்டியது என் பிழையே என்றாலும், நான் தொண்டை நோயால் தொழிலை இழக்கும் நிலையில் இருப்பதைக் கருணையோடு கவனித்து, தாங்கள் பெரிய மனது பண்ணி அத்தொகையை வழங்க வேண்டுகிறேன் என்று இங்கிலீஷில் எழுதினேன். கை தானாக எழுதியது என்று சொன்னால் பொய். யோசித்து, வார்த்தை வார்த்தையாகத் தேர்ந்து எழுதினேன்.

அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேள்வி வந்த இடத்தில் அப்படிப் போடுங்க என்பது மாதிரி தலையை ஆட்டினார். கடைசிப் பத்தியை வாசிக்கவில்லை. மற்றதெல்லாம் வழக்கமாக எழுதுகிறதுதான் என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கொடுத்தேன். தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் அவர் போன் பண்ணினார். படகுகள் வந்த நாளில் ஏலம் கூறிவிட்டுப் பண்ணும்போது காற்றுதான் வரும், வார்த்தை பாதிதான் கேட்கும். கூறாதீர்கள் என்று நான் சத்தம் போடுவேன். வண்டி கைக்கு வருகிறவரை அடுப்பு எரிய வேண்டாமா என்று அவர் சொல்லுவார். பந்தய விஷயம் படகுக்காரர்கள் காதுக்குப் போய்விடக் கூடாது என்றும் பயந்துகொண்டிருந்தார். சூதாடுகிறவன் கையில் மீனைக் கொடுக்க யாருக்கு மனது வரும் என்று அவரே கேட்டுக்கொள்வார்.

பத்தாவது நாள் பதில் வந்தது. நாலே வரி. ரேட்டில் பிழை இருந்ததையும் அதைத் தாங்கள் அறிந்திருந்ததையும் நேர்மையாக எழுத்தில் ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. இரு தரப்பும் இதில் ஒத்துப்போவதால் தகராறு ஏதும் இல்லை எனக் கருதிப் புகார் முடித்துவைக்கப்படுகிறது. புதிய விவரம் இருந்தால் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கலாம். தங்கள் திருப்தியே எங்களுக்கு முக்கியம்.

என் எதிரே ஒரு அம்மா விதவை பென்ஷனுக்கு ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. அவர்கள் நாலு பேரை வைத்துச் சாட்டில் எங்களிடம் பிடுங்க முடியாத ஒன்றை நான் அழகாக டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, இணைப்போடு அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாவை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். அப்படி யாரையும் நான் திருப்பி அனுப்பினதில்லை.

மறைத்திருக்கலாம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. முடியாது என்று எழுதிவிட்டார்கள் தம்பி, விடுங்கள் என்று சொன்னால் போதும், நம்பிவிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அசதியில் நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் எழுந்ததும் வேறு ஒரு யோசனை வந்தது. கடைக்கு வந்த உடனே இரண்டாவது கடிதம் ஒன்றை டைப் அடித்தேன். முந்தைய கடிதத்தின் கடைசிப் பத்தி தட்டச்சு செய்தவரின் தவறால் இடம்பெற்றுவிட்டது, அதை ரத்தானதாகக் கருத வேண்டும், அது என் கூற்று அல்ல. ஒரு பக்கம்தான். பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு அவரை வரச் சொன்னேன்.

மறுநாள் வந்தார். கழுத்தில் மஃப்ளர் மாதிரி ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிப் பத்தியைத் தமிழில் ஒரு வரி விடாமல் சொன்னேன். அன்றைக்கு அதை நான் வாசிக்காமல் விட்டதையும் சொன்னேன். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. புரியவில்லையோ என்று மறுபடியும் விளக்கப்போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் இரண்டாவது கடிதத்தை அவர் முன்னால் வைத்து, இதில் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"அக்கா, அந்த மொத லெட்டருல கையெழுத்து யாரோடது?"

உங்களுடையது, ஆனால் எழுதினது நான், தப்பு என்னுடையது என்றேன்.

"போட்டது நான்தானே. வாய் தவறிருச்சு, ரத்துன்னு சொன்னதுக்குத்தான அவனை இம்புட்டு நாளா வஞ்சுக்கிட்டு இருக்கோம். இப்ப கை தவறிருச்சு, ரத்து பண்ணுன்னு நான் கேட்டா, அவனுக்கும் எனக்கும் என்னக்கா வித்தியாசம்?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டேன். இது உங்கள் மீன் ஏலம் இல்லை, எதிரே நிற்கிறவன் வியாபாரி இல்லை, திருடன். திருடனிடம் என்ன நியாயம் வேண்டிக்கிடக்கிறது. தொண்டை போனால் அவன் வந்து ஐஸ் உடைத்துக் கொடுப்பானா என்று கேட்டேன். உங்களை மாதிரி ஆட்களால்தான் அவர்கள் பிழைக்கிறார்கள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தை வேண்டாத வார்த்தை. அவர் பதிலுக்குக் கத்தவில்லை, கத்த அவரால் முடியாது. பிழை என்று ஒப்புக்கொண்ட பத்தியைத் தொடாமல் அந்தக் கேள்வியை மட்டும் திருப்பிக் கேட்க முடியுமா என்று கேட்டார். அதில் பிரயோஜனம் இல்லை, ஒப்புக்கொண்டதை முதலில் எடுத்தால்தான் கேள்விக்கு உயிர் என்றேன். அப்போ வேண்டாம்க்கா என்றார்.

தாளை மடித்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் விடிகாலையில் படகுகள் வருகின்றன, அறந்தாங்கி பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும் என்றார். வாரேன்க்கா என்று சொன்னது உதட்டசைவில்தான் தெரிந்தது. அவர்கள் கொடுத்த ஏழு நாள் முடிகிறவரை அந்தத் தாள் என் மேஜை டிராயரில் கிடந்தது. அவர் கையெழுத்தை நானே போட்டு அனுப்பிவிடலாமா என்று ஒரு நாள் எடுத்தேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

அந்தக் கடிதம் போயிருந்தால் பணம் வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நாற்பது பக்க விதியை வைத்துக்கொண்டிருக்கிறவன் நாற்பத்தோராம் பக்கத்தை எழுதிக்கொள்வான். ஆனால் அதைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள எனக்கு இடமில்லை. வராது என்பதை அவனே காரணம் தேடிச் சொல்லியிருக்க வேண்டும், இங்கே காரணத்தை நான் சொல்லிக்கொடுத்து அவன் சொன்னான்.

மாதக் கடைசியில் வண்டியும் மெஷினும் வேறு ஒருவருக்குப் போயின. விற்றவர் வாக்குத் தவறவில்லை, சொன்ன தேதி முடிந்த மறுநாள்தான் கொடுத்தார். ஏலக்காரர் ஏலம் கூறிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து மனுவுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள், வரவரச் சுத்தமாகக் கேட்கவில்லை, வியாபாரிகள் அவர் வாய்ப் பக்கமே காதைக் கொண்டுபோகிறார்கள் என்று. என்னிடம் ஆட்களை அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை. கருவாடும் வந்தது. அதை நான் சமைக்கவில்லை, ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினபோது திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. எனக்கு அது தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்து, தம்பி எப்படி இருக்கீங்க என்றேன். பேசினது அவர் மனைவி. அதுவரை அந்தப் பெண்ணிடம் நான் பேசினதில்லை. அவரால் இனி சத்தமாகப் பேச முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், ஏலத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டதாகவும், மீனவர் நல வாரியத்தில் உதவி கேட்டு ஒரு மனு எழுத வேண்டும் என்றும் சொன்னாள். அக்காவிடமே எழுது என்று அவர் தாளில் எழுதிக் காட்டினாராம். எழுதித் தருகிறேன், வாருங்கள் என்றேன். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்ங்க. அந்தக் கம்பெனிக்காரன் ஏன் பணம் தரலன்னு இவரு எங்கிட்டச் சொல்லவே மாட்டேங்கிறாரு. எம் மேல தப்பு, நான்தான் கையெழுத்துப் போட்டேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு, குரலு இருந்த வரைக்கும். அப்படி என்னத்துல கையெழுத்துப் போட்டாரு? ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

தெரியும் என்றேன். அது நான் எழுதினது, அவருக்கு வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினது, அதனால்தான் பணம் வரவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் நகர்கிற சத்தமும் யாரோ நடக்கிற சத்தமும் கேட்டன. பிறகு, இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.